சலுகையன்று, உரிமை

கைநடுக்கத்தால் குவளையை ஏந்த இயலாத 83 வயதுப் பாதிரியார் ஸ்டான் சுவாமி, உறிஞ்சுகுழலுக்காக 2020 நவம்பரில் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. பதிலளிக்கத் தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே அவர் மறைந்தார். சக்கர நாற்காலியிலேயே இயங்கிய பேராசிரியர் சாய்பாபாவை ஆண்டுக்கணக்கில் நாகபுரிச் சிறையில் வதைத்தபின், 2024 மார்ச்சில் விடுவித்தார்கள். அக்டோபரில் அவரும் மறைந்தார்.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவது ஆட்சியாளர் வழக்கம். சாய்தளம் அமைத்தால் எந்தச் சிறைமதிலும் இடிந்துவிடாது! சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்க்கும் நீதிமன்றம் விதித்தது சிறைவாசமே. கழிப்பறைக்குத் தவழ்ந்து செல்லும் இழிவையன்று.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிறைவாயிலோடு நின்றுவிடுவதில்லை. கோவைச் சிறையில் மாற்றுத்திறனாளி ஒருவர் பட்ட துன்பம் குறித்த வழக்கில், தமிழகச் சிறைகள் அனைத்திலும் ஆறு மாதத்துக்குள் அணுகல் வசதித் தணிக்கையை முடிக்குமாறு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. டிசம்பரில் அவ்வழக்கின் ஆணைகளை நாடு முழுமைக்கும் விரித்தது. மைசூரு மத்தியச் சிறையும் அதற்குக் கட்டுப்பட்டதே.

ஆணை தானாக நடந்தேறாது. தணிக்கை அறிக்கை எங்கே எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்போம். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளோடு இணைந்து போராடுவோம்.