வாயில் மூடாத வைத்தியசாலை

நம் கல்லூரியின் விழா மலரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் முடிவைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர் சிலர் புருவம் நெரிப்பர் என்பதை நாம் அறியாமல் இல்லை. சமயமும் தமிழும் வளர்க்கும் கல்லூரியின் மலரில் இதற்கு இடமுண்டோ எனக் கேட்பாரும் உளர். இடமுண்டு என்பதே நம் கருத்து. நம் மாணவரிடம் எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறாய் என்று வினவினால், பலரும் டாக்டர் என்றே விடை தருகின்றனர். அவ்வாசையை அவர்தம் நெஞ்சில் விதைத்தவர் யார்? பெற்றோர் பாதி, திரையும் சின்னத்திரையும் மறுபாதி. ஆதலின், அத்திரை மருத்துவத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறது என ஆராய்வது ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடமையேயாம்.

நாம் எடுத்துக்கொண்ட நாடகம் 'ஈ. ஆர்.' என்பது. அவசர சிகிச்சைப் பிரிவைக் குறிக்கும் இரண்டெழுத்தே அதன் பெயர். 1994ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாள் தொடங்கி, 15 பருவங்களில் 331 பகுதிகளாக ஓடி, 2009ஆம் ஆண்டு ஏப்ரில் 2ஆம் நாள் நிறைவெய்திற்று. இதனைப் படைத்த மைக்கல் கிரைற்றன் தாமே மருத்துவம் பயின்றவர். 1974இல் திரைப்படத்துக்கென அவர் எழுதிய கதை இருபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பின்னர் தொலைக்காட்சிக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. முடிவைக் காண அவர் இருக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2008 நவெம்பரில், காலமானார்.

சென்ற விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் இந்நாடகத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தபோது நாமும் உடனிருந்து பார்த்தோம். பதினைந்து ஆண்டு ஓடிய கதையாயிற்றே, பெருவெள்ளமோ பேரிழப்போ கொண்டுவந்து முடிப்பர் என எதிர்பார்த்திருந்தோம். நடந்ததோ வேறு. முதற்பகுதியில் உறங்கிக் கிடந்த டாக்டர் மார்க் கிரீனை எழுப்பிய அதே தாதி லிடியா, கடைசிப் பகுதியில் வேறொரு டாக்டரை எழுப்புகிறாள். பொழுது விடிகிறது, நோயாளர் வருகின்றனர். மதுவருந்தி மயங்கிய இளவயதினர் ஒருவர், மரணப் படுக்கையில் கிடக்கும் மனைவியின் கையை விடமாட்டாத முதியவர் ஒருவர், இரட்டைக் குழந்தைகளைப் பெறவந்த தாய் ஒருத்தி என ஒரு நாளின் வேலை நிகழ்கிறது. இறுதியில், பெருவிபத்து ஒன்றிற் காயமுற்றோரை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வாசலுக்கு வருகின்றன. எல்லோரும் அவற்றை நோக்கி விரைகின்றனர். அப்போது கமரா மெல்லப் பின்வாங்கிப் பின்வாங்கி, அந்த வைத்தியசாலைக் கட்டடம் முழுவதையும் நமக்குக் காட்டுகிறது. பதினைந்து ஆண்டும் உள்ளே அலைந்த நாம் அதன் முழு உருவை அன்றுதான் காண்கிறோம். நாடகம் முடிந்துவிடுகிறது, வேலை முடியவில்லை.

இவ்வகை முடிவு எளிதில் வாய்ப்பதன்று. தமிழில் வைத்தியசாலையைக் களமாகக் கொண்ட கதை என்றதும் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) நம் மூத்த வாசகர் நினைவுக்கு வரும். தான் காதலித்தவளின் கணவனுக்கே சிகிச்சை செய்து பிழைக்கவைத்த டாக்டர், அம்முயற்சியிலேயே தன்னுயிரை விடுகிறார். கண்ணீர் பெருகாதார் இலர். ஆயினும் அங்கே வைத்தியசாலை ஒரு காதற்கதைக்குப் பின்திரையே. டாக்டர் ஒரு தியாகமூர்த்தி. அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய 'மேஷ்' நாடகம், கொரியப் போர்க்களத்து மருத்துவக் கூடாரங்களைப் பற்றியது. 1983 பெப்ரவரி 28ஆம் நாள் அதன் கடைசிப் பகுதியைப் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர். போர் ஓய்ந்தது, கூடாரங்கள் கழற்றப்பட்டன, டாக்டர்கள் வீடு திரும்பினர். அதுவும் நேர்மையான முடிவே. போர் ஒருநாள் ஓயும் ஆதலின். நோய் ஓயுமோ? ஓயாது. ஆகவே நகரத்து வைத்தியசாலை ஒன்றின் கதைக்கு 'ஈ. ஆர்.' கண்ட முடிவே பொருத்தமான முடிவு என்போம்.

மற்றுமொரு சிறப்பையும் நாம் போற்றுகிறோம். கடைசி நாளாயிற்றே என்று எல்லோரையும் பிழைக்கவைக்கும் ஆசைக்கு நாடகாசிரியர் ஜோன் வெல்ஸ் இடங்கொடுக்கவில்லை. இரட்டைக் குழந்தைகளை ஈன்ற அத்தாய் இறந்துவிடுகிறாள். 1995இல், முதற் பருவத்திலேயே, பிரசவத்திற்கு வந்த தாயொருத்தியை டாக்டர் கிரீன் இழந்த பகுதியைக் கண்டோர் இதன் பொருளை உணர்வர். பதினைந்து ஆண்டுகளில் கருவிகள் பெருகின, அறிவு பெருகிற்று, என்றாலும் மருத்துவன் கடவுளாகிவிடவில்லை. டாக்டர் வேலையைப் புகழுக்கும் பொருளுக்கும் உரிய பீடமாகக் கருதும் இளைஞர் இப்பாடத்தை ஒருமுறையேனும் கற்பது நன்று.

இத்துணை புகழ்ந்த நாம் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 331 பகுதிகளிலும் கதை பெரும்பாலும் தொடங்குவது வைத்தியசாலை வாசலில். வண்டி வந்து நிற்கும், கதவு திறக்கும், நோயாளி உள்ளே வருவார். அவ்வாசலுக்கு அவர் வந்துசேர்ந்த வழி நமக்குக் காட்டப்படுவது அரிது. சிக்காகோ நகரத்தார்க்கு அது குறையாகத் தோன்றாது. வலப்பனையில் இருந்து பார்க்கும் நமக்கோ, கதையின் பாதி விடுபட்டுப் போனதாகத் தோன்றுகிறது. மலையகத்தில் நோயின் கதை வாசலில் முடிந்ததும் உண்டு. வாசலைக் காணாமலே முடிந்ததும் உண்டு.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருள் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். தோட்டத் தொழிலாளர் மருத்துவத் தேவை பற்றி 1872இல் ஒரு சட்டமும், 1912இல் விரிவான சட்டங்களும் இயற்றப்பட்டன. அவற்றின் வழியே தோட்டங்களில் டிஸ்பென்சரிகள் வந்தன. மாவட்டந்தோறும் வைத்தியசாலைகளும் எழுந்தன. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, மருத்துவமாது வீடுதேடிச் செல்லும் முறை நாட்டில் வேரூன்றியது. இலங்கை தாய்சேய் நலத்தில் தெற்காசியாவில் முன்னணியில் நிற்பதற்கு அம்முறை ஒரு முதற்காரணம். ஆனால் தோட்டங்கள் நெடுங்காலம் அவ்வலைக்கு வெளியே, தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. நாட்டின் நன்மை மலையேறி வருவதற்குள் தலைமுறைகள் கழிந்தன.

நம் இளமையில் நாம் நேரிற் கண்டதொன்று இன்றும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மழைக்காலத்து இரவு; மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. டிஸ்பென்சரியில் ஆளில்லை. கம்பளியைத் தடியிற் கட்டித் தொட்டிலாக்கி, அதில் அவளைக் கிடத்தி, நால்வர் தூக்கினர். முன்னே ஒருவர் பந்தம் பிடித்து நடந்தார். தேயிலைச் சரிவின் குறுக்குப்பாதை வழியே பெரிய ரோட்டுக்கு வந்து, கொழுந்து லொறி கிடைக்கும்வரை காத்திருந்தனர். லொறி வந்தது; அவள் அதில் ஏறும் நிலையில் இல்லை. குழந்தை மட்டும் பிழைத்தது. அன்று அவளைக் கைவிட்டது டாக்டரின் அறிவன்று. எந்த டாக்டரும் அவளைக் கண்டதே இல்லை. அவளைக் கைவிட்டது வழி. இரட்டைக் குழந்தைகளின் தாய் சிக்காகோவில் இறந்த காட்சியைப் பார்த்தபோது நம் கண்முன் நின்றவள் இவளே. அங்கே பலர் சூழ நின்று போராடித் தோற்றனர். இங்கே போராட்டமே தொடங்கவில்லை.

அந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கிய 'சுவ செரிய' நோயாளர் காவு வண்டிச் சேவை பின்னர் நாடெங்கும் பரவியது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் பயிற்சி பெற்றவர் ஒருவர் வண்டியோடு வருகிறார், கட்டணம் இல்லை. 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் 150 படுக்கைகள் கொண்ட ஆதார வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆயினும் வண்டி ரோட்டுவரையே வரும். லயத்துக்கும் ரோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை இன்றும் தோள்கள்தாம் கடக்கின்றன. மழை பலத்தால் அந்த ரோட்டுக்கும் உறுதியில்லை. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் நிகழ்ந்த மண்சரிவுகளை நம்மவர் மறந்திரார்.

வாசலைக் கடந்த பின்னரும் ஒரு தூரம் உண்டு. அது மொழியின் தூரம். சில ஆண்டுகளுக்கு முன்னர் வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில், கொழுந்து பறித்துக் கை காய்த்த மூதாட்டி ஒருவரைக் கண்டோம். நெஞ்சு அடைக்குது என்று அவர் சொன்னார். டாக்டர் நல்லவர், ஆனால் தமிழ் அறியாதவர். நெஞ்சைத் தொட்டுக் காட்டிய கையை வயிறு என விளங்கிக்கொண்டு மருந்தெழுதத் தொடங்கினார். அருகே வரிசையில் நின்ற பள்ளிச் சிறுவன் ஒருவன் முன்வந்து, தான் கற்ற சிங்களத்தில் பாட்டியின் நோவை எடுத்துச் சொன்னான். டாக்டரின் முகம் மாறிற்று. மறுகணமே அம்மையார் உள்ளே கொண்டுசெல்லப்பட்டார். அன்று அங்கே பிழைத்தது ஓர் உயிர். பிழைக்கவைத்தவன் எட்டாம் வகுப்புப் பையன். 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டப்புத்தகத்தில் ஏறிய மொழி நோயாளியின் கட்டிலருகே இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. இது எவரையும் குற்றஞ்சாட்டித் தீர்க்கும் காரியமன்று. தமிழறிந்தோர் அப்பணிகளுக்குப் போதிய அளவிற் செல்லாதவரை இக்குறை தீராது.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இதுவே. டாக்டராக விரும்புங்கள், தடையில்லை. ஆனால் அந்த நாடகத்தை மறுமுறை பார்க்கும்போது, லிடியா எழுப்பியதனாலேயே டாக்டர் எழுந்தார் என்பதைக் கவனியுங்கள். பதினைந்து ஆண்டும் அவ்விடத்தைத் தாங்கியவர் தாதியர், வண்டி ஓட்டுநர், பதிவேடு எழுதுவோர், தரை துடைப்போர் ஆகியோரும் ஆவர். மருத்துவபீடத்துக்கு இடம் கிடைக்கவில்லையென்று உயர்தரப் பரீட்சைக்குப் பின் மனமுடைந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்குத் தாதியர் பயிற்சியும், மருத்துவமாதர் பயிற்சியும், நோயாளர் காவு வண்டியில் உயிர்காக்கும் பயிற்சியும் தோல்வியின் வழிகளாகத் தோன்றுகின்றன. அவை தோல்வியின் வழிகள் அல்ல. லயத்திலிருந்து வாசல்வரை கிடக்கும் அந்த இருண்ட வழிக்கு விளக்குகள். இரு மொழியும் செவ்வையாக அறிந்த ஒரு தாதி, நம் மலையில், ஒரு புதிய கட்டடத்துக்கு ஈடாவாள்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். நாடகத்தில் ஜோன் காட்டர் என்னும் டாக்டர் செல்வர் வீட்டுப் பிள்ளை. மாணவனாக வந்து அவ்விடத்திலேயே தொழில் கற்றவர். கடைசிப் பகுதியில், பிறவாமலே இழந்த தம் மகனின் பெயரால் ஏழைகளுக்கு ஒரு மருத்துவ நிலையம் திறக்கிறார். நம்மிடம் அத்துணைச் செல்வமில்லை. ஆயினும் மேற்கூறிய பயிற்சிகளுக்குச் செல்லும் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் வழியே உதவிப்பணம் வழங்கவும், கல்லூரியில் இரண்டாம் மொழி வகுப்புகளை வலுப்படுத்தவும் நம்மால் முடியும். மண்டபத்திற்குப் பெயர்ப்பலகை வைப்பதினும் இது விழாவுக்குப் பொருத்தமான நினைவாகும்.

முடிவாக, அந்நாடகத்தின் கடைசிக் கணத்துக்கே திரும்புவோம். கதையில் 2002இல் இறந்துபோன டாக்டர் கிரீனின் மகள், மருத்துவம் பயில இடம் வேண்டி அன்று அங்கே வந்திருக்கிறாள். இன்னும் மாணவியும் ஆகவில்லை. வண்டிகள் வந்து நிற்கும் வேளையில் காட்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, தந்தையை அழைத்த அதே பட்டத்தோடு பெயர் சொல்லி, வருகிறாயா என்கிறார். அவளும் போகிறாள். மூத்தவர் இளையவரைப் பெயர்சொல்லி வேலைக்கு அழைக்கும் அந்தக் குரலுக்காகவே ஒரு கல்லூரி இருக்கிறது; பழைய மாணவர் சங்கமும் இருக்கிறது. அழைப்போம். மேல் லயத்தில் இன்றிரவும் யாரோ ஒருவர் வலியோடு காத்திருக்கலாம்.