தலையணைக்கடியில் துப்பாக்கி

நம் நண்பர் ஒருவரிடமிருந்து சென்ற வாரம் ஒரு கடிதம் வந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ஊருக்கு ஒன்றரை மைல் தள்ளி, தென்னந்தோப்பின் நடுவே ஒரு வீட்டில் அவர் வசித்து வருகிறார். வீட்டில் அவரும், அவருடைய சம்சாரமும், ஏழு வயதுப் பேரனும் ஆக மூன்றே பேர். இரண்டு மாதத்துக்கு முன் அடுத்த தோப்பு வீட்டில் திருடர்கள் புகுந்து நகைகளைக் கொண்டுபோய் விட்டார்களாம். "கிழவனும் கிழவியுமாய்த் தனியே கிடக்கிறோம். நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் நல்ல கைத்துப்பாக்கி எது என்று விசாரித்து எழுதவும்" என்று கேட்டிருந்தார்.

படித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. நாமோ பள்ளிக்கூட உபாத்தியாயர். நம்மிடமிருந்த ஒரே ஆயுதமாகிய பிரம்பையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பறிமுதல் செய்துவிட்டது. நம்மிடமா துப்பாக்கி யோசனை கேட்பது? ஆனால் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைப் படித்தபோது சிரிப்பு அடங்கிப் போயிற்று.

"போன மாதம் ஒரு நாள் நடுநிசியில் நாய் குரைத்தது. யாரோ பின்கட்டுக் கதவை அசைத்துப் பார்க்கிற சத்தம். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். கை நடுங்கிய நடுக்கத்தில் அரிவாள் கீழே விழுந்துவிட்டது. நல்ல வேளை, வந்தவன் நம் பையன்தான். சொல்லாமல் கொள்ளாமல் கடைசி பஸ்ஸில் வந்திருக்கிறான். ஆனால் திருடனாக இருந்திருந்தால் என் கதி என்ன? ஆகையால்தான் துப்பாக்கி வேண்டும் என்கிறேன்."

இந்தக் கடிதத்துக்கு விளையாட்டாகப் பதில் எழுதுவதற்கில்லை. பலரிடமும் விசாரித்தோம், சட்டங்களையும் புரட்டிப் பார்த்தோம். தெரிந்து கொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

* * *

முதலில் ஒரு விஷயம். துப்பாக்கி வேண்டுமென்று கேட்பது வெட்கப்படத் தக்க ஆசையன்று. 1878-ஆம் வருஷத்தில், லிட்டன் பிரபு ராஜப் பிரதிநிதியாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் பிறந்ததும் அதே வருஷத்தில்தான். ஒரே வருஷத்தில் பேனாவும் போயிற்று, துப்பாக்கியும் போயிற்று! அஹிம்சையையே விரதமாகக் கொண்ட மகாத்மா காந்திகூட ஒரு ஜாதி முழுவதையும் நிராயுதபாணியாக்கிய இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் பெருந்தீமைகளுள் ஒன்றாகவே கருதினார். 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையும் இடம் பெற்றிருந்தது.

ஆனால் சுதந்திரம் வந்தபின் அந்த உரிமை அரசியல் சட்டத்தில் ஏறவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ ஹெச். வி. காமத் அதற்காக ஒரு திருத்தம் கொண்டு வந்தார். சபை அதை ஏற்கவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இன்று நம் தேசத்தில் துப்பாக்கி வைத்துக் கொள்வது உரிமையன்று. சர்க்கார் கொடுக்கும் அனுமதி. குடகு நாட்டாருக்கு மாத்திரம் 1861 முதல் விலக்கு உண்டு. 2019-ல் அதை மறுபடியும் 2029 வரையில் நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடும் பண்டிகையே அவர்களுக்கு இருக்கிறது. நாமோ சரஸ்வதி பூஜையன்று புஸ்தகத்துக்குச் சந்தனம் வைப்பதோடு சரி.

* * *

இனி, காரியத்துக்கு வருவோம். கடைக்குப் போவதற்கு முன் லைசென்ஸ் வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். நம் ஜில்லாக்களில் கலெக்டரிடமும், சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ மெய்யாகவே ஆபத்து உண்டென்று காட்ட வேண்டும். போலீஸார் விசாரிப்பார்கள். தேகமும் மனமும் சரியாயிருப்பதாக வைத்தியர் சான்று தர வேண்டும். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும் சான்று வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். நண்பருக்கு இதை முன்னதாகவே சொல்லி வைக்கிறோம். திருடர்களுக்கு அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை.

அடுத்தபடியாக, எதை வாங்குவது? ராணுவத்தாரும் போலீஸாரும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் துப்பாக்கி நமக்குக் கிடையாது. அது தடை செய்யப்பட்ட ரகம். நம் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 அளவு. அதில் ரிவால்வர், பிஸ்டல் என்று இரண்டு ஜாதி. ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் ஓர் உருளையில் சுற்றி வரும். ஒரு தோட்டா வெடிக்காமற் போனால் விசையை மறுபடியும் இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு பெட்டியில் அடுக்கியிருக்கும். தட்டையானது, அதிகத் தோட்டா பிடிக்கும். ஆனால் அடைத்துக்கொண்டால் சரி செய்யக் கைப்பழக்கம் வேண்டும். மேலும், பெட்டியைக் கழற்றிவிட்டோம், இனி அபாயமில்லை என்று நினைப்போம். குழலின் வாயில் ஒரு தோட்டா தங்கியிருக்கும். அநேக விபத்துக்கள் அந்த ஒரு தோட்டாவினால்தான் நேருகின்றன. எப்போதோ ஒரு முறை கையில் எடுக்கிறவர்களுக்கு ரிவால்வரே மேல் என்பது விஷயம் தெரிந்தவர்களின் அபிப்பிராயம்.

சிறிய துப்பாக்கியே கிழவர்களுக்கு ஏற்றது என்று எண்ண வேண்டாம். எடை குறையக் குறைய உதைப்பு அதிகம். குழல் குட்டையாகக் குட்டையாகக் குறி தவறும். விலையைக் கேட்பதற்கு முன், காலித் துப்பாக்கியைக் கையில் பிடித்து விசையை இழுத்துப் பார்க்க வேண்டும். விரல் எட்டுகிறதா, இழுக்க வலுவிருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

விலை என்ன? 2012-ல் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்னும் ரிவால்வரை 2014-ல் வெளியிட்டது. அச்சமற்றது என்று பொருள். எடை 500 கிராம். அன்று சொன்ன விலை 1,22,360 ரூபாய். விலையைக் கேட்டே அச்சம் உண்டாகிறதென்று அப்போதே பலர் குறை கூறினார்கள். பழைய நாட்டு ரிவால்வர்களை நடுவில் மடக்கித் தோட்டா போட வேண்டும். 2023-ல் கான்பூரிலிருந்து வந்த 'பிரபல்' ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். குழல் 76 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 700 கிராம். சீமைத் துப்பாக்கிகளைத் தனி மனிதர்கள் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்று போனதால், தாத்தா காலத்து வெப்ளிக்கு இன்று யானை விலை சொல்லுகிறார்கள். வயதுக்கு மரியாதை செய்வது நல்ல குணந்தான். துப்பாக்கி விஷயத்தில் வேண்டாம். பழையதை வாங்கினால் குழலில் துரு இருக்கிறதா, உருளை ஆடுகிறதா என்று கைதேர்ந்தவரைக் கொண்டு பார்த்தே வாங்க வேண்டும். விலையோடு செலவு தீர்ந்ததென்று எண்ணக்கூடாது. இரும்புப் பெட்டி, தோட்டா, பயிற்சி இவ்வளவும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வருஷத்துக்கு நாலு தடவையாவது ரைபிள் கிளப்புக்குப் போய்ச் சுட்டுப் பழகாதவர் கையில் ரிவால்வர் ஒரு பேப்பர் வெயிட்டுக்குச் சமானம்.

மலிவாகக் கிடைக்கிறதென்று எவனாவது காகிதத்தில் சுற்றி ஒரு நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டு வந்தால், அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். பீகாரில் மூங்கேர் என்னும் ஊரில், மீர் காஸிம் நவாபு காலத்திலிருந்தே துப்பாக்கித் தொழில் உண்டு. நல்ல கைத்திறன் படைத்த அவ்வூரின் பெயர் இன்று கள்ளத் துப்பாக்கிகளால் கெட்டிருக்கிறது. அப்படிப்பட்டது எதிரியைச் சுடுமோ சுடாதோ, குழல் வெடித்து வைத்திருப்பவர் கையைச் சுடக்கூடும். தப்பினாலும் ஜெயில் காத்திருக்கிறது.

* * *

துப்பாக்கி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யாரைச் சுடலாம்? 1860-ல் இயற்றிய பழைய குற்றச் சட்டத்திலிருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையிலும் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. அவசியத்துக்கு மேற்பட்ட தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் சாரம். சூரியன் மறைந்தபின் வீட்டை உடைத்துப் புகுகிறவனிடம் சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தோப்பில் தேங்காய் பறிக்கிறவனைச் சுட்டுக் கொல்லச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. சுவரேறித் தப்பியோடுகிறவனை முதுகில் சுட்டால், பிறகு கூண்டில் ஏறி நிற்கவேண்டியவர் நம் நண்பரே.

இன்னும் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. துப்பாக்கியை ஓர் அலமாரியிலும், தோட்டாவை வேறு அலமாரியிலும் பூட்டி வைக்க வேண்டும் என்று அறிந்தவர் அனைவரும் சொல்லுகிறார்கள். அப்படி வைத்தால், கதவு அசையும் நடுநிசியில் மூக்குக் கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, இரண்டு அலமாரியையும் திறந்து முடிப்பதற்குள் வந்தவன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவான். தோட்டாவை நிரப்பித் தலையணைக்கடியில் வைத்துக் கொண்டாலோ, மறுநாட் காலை படுக்கையில் குதித்து விளையாட வருவது யார்? ஏழு வயதுப் பேரன். திருடன் வருஷத்தில் ஒரு நாள் வரலாம், வராமலும் இருக்கலாம். குழந்தை தினந்தோறும் அந்தத் தலையணையண்டை வருகிறது.

கைத்துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். துப்பாக்கி உள்ள வீடுகளில், வீட்டுக்குள்ளேயே கொலை நேரும் அபாயம் இல்லாத வீடுகளைவிடச் சுமார் 2.7 மடங்கு என்று 1993-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டது. கொன்றவர்கள் பெரும்பாலும் கன்னக்கோல் கள்வர்கள் அல்லர், உறவினரும் தெரிந்தவர்களுமே. அந்தத் தேசம் வேறு, நம் தேசம் வேறு என்று சொல்லலாம். கோபமும் குடியும் மனக்கஷ்டமும் எல்லாத் தேசத்து வீடுகளிலும் குடியிருப்பவைதாமே?

* * *

நண்பருக்கு நாம் எழுதிய பதில் இதுதான்:

"தாங்கள் கேட்டதற்கு நேர் விடை: .32 ரிவால்வர்; புதியது; லைசென்ஸுடன்; தங்கள் கைக்கு அடங்குகிற எடையில். தங்களைக் குறிவைத்து எவனாவது மிரட்டியிருந்தால், இன்றே கலெக்டருக்கு விண்ணப்பம் போடுங்கள். நாமே கூட வருகிறோம். ஆனால் தங்கள் அச்சம் ஊரில் எல்லோருக்கும் பொதுவான திருட்டு பயந்தான் என்றால், லட்ச ரூபாயில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டுப் பின்கட்டுக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாளும், ஜன்னலுக்குக் கம்பியும், தோப்பில் இரண்டு விளக்கும் போடுங்கள். நகைகளைப் பாங்கியில் வையுங்கள். அடுத்த தோப்புக்காரர் வீட்டில் ஒலிக்கும்படி ஒரு மணி கட்டுங்கள். நாயை நன்றாய்க் கவனியுங்கள்; அன்றிரவு தன் கடமையைத் தவறாமற் செய்தது அது ஒன்றுதான்.

"கடைசியாக ஒன்று. அன்றிரவுக் கதையைத் துப்பாக்கி வேண்டும் என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நாம் அதை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தோம். இருட்டு, நடுங்குகிற கை, கதவுக்கு அப்பால் நிற்பவன் யாரென்று தெரியாது. அரிவாளாக இருந்தபடியால் அது கீழே விழுந்தது. ஆறு தோட்டா நிரப்பிய ரிவால்வராக இருந்திருந்தால்? அதை மேலே எழுத நமக்குக் கை வரவில்லை.

"ஆகவே, எந்தத் துப்பாக்கியையும் வாங்குவதற்கு முன், கடைசி பஸ்ஸில் வருவதானால் முன்கூட்டியே டெலிபோனில் சொல்லிவிட்டு வரும்படி தங்கள் பையனுக்குச் சொல்லி வையுங்கள். கதவைத் திறப்பதற்கு முன் 'யார்?' என்று கேட்கத் தாங்களும் பழகிக்கொள்ளுங்கள். இதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை, விலையும் இல்லை."

பதில் இன்னும் வரவில்லை. நேற்று ஊரிலிருந்து வந்த ஒருவர், தோப்பு வீட்டில் இரண்டு புது விளக்குகள் எரிகின்றன என்று சொன்னார். லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறாரா என்று நாம் கேட்கவில்லை.