துளிர்த்த நொச்சி ஏன் காய்ந்தது?

கேள்வி: பங்குனியில் வேலிக்கு நட்ட நொச்சிக் குச்சிகள் துளிர்விட்டு, ஒரே மாதத்தில் காய்ந்துவிட்டன. கடலைக் காட்டில் ஆடுகள் புகுந்துவிடுகின்றன. கம்பிவேலிக்கு வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: துளிரைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நம்பியிருப்பீர்கள். குச்சியில் உள்ள சத்திலேயே இலை வந்துவிடும். வேர் விடும்வரை மண் காயக்கூடாது; பங்குனி வெயிலில் அது நடக்காது. ஐப்பசி மழையில் நடுங்கள். பென்சில் கனத்துக்குக் குறையாத முற்றிய குச்சியை ஒரு முழம் வெட்டி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்கி, சுற்றிலும் மிதித்து இறுக்குங்கள். அடியைச் சாய்வாக வெட்டினால் தலைகீழாக நடமாட்டீர்கள் (நம்மில் பலர் நட்டிருக்கிறோம்!). ஒரு சாண் இடைவெளி போதும். நொச்சியை ஆடு கடிக்காது; ஆனால் சந்தில் நுழையும். வேலி அடையும்வரை முள் வெட்டிச் சாத்துங்கள். வறட்சியில் இலை உதிர்ந்தால் பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.