சீமைக் கட்டியும் ஊர்க் கடலையும்

மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பண்டம் குப்பைக்குப் போக வேண்டுமானால், அதற்கு என் அத்தையின் சம்மதம் வேண்டும். கரிசல் காட்டில் மழை பொய்த்த வருஷங்கள் எத்தனையோ கண்டவள் அவள். நேற்றைய சோறு நீராகாரமாகும், மிஞ்சிய மிளகாய் மோர் மிளகாயாகும், மீன் கருவாடாகும். எதையும் வீணாக்குவது அவளுடைய சுபாவத்தில் இல்லை. ஆகையால், சென்ற தை மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அவள் ஒரு பொட்டலத்தை விரல் நுனியால் தூக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்தவாறு கொல்லைப்புறம் நடந்ததைக் கண்டு எனக்குத் தாங்க முடியாத ஆச்சரியம் உண்டாயிற்று.

"ஏய்யா, நீயே பாரு! பேரன் காசைக் கொட்டி வாங்கிட்டு வந்திருக்கான். கடைக்காரன் ஊசிப்போனதைத் தலையிலே கட்டிட்டான். உள்ளே பூராவும் பூசணம்" என்றாள்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். தந்த நிறமுள்ள ஒரு கட்டி. அதன் உள்ளே, கிழவர் புறங்கையில் நரம்பு ஓடுவது போல் நீலமும் பச்சையும் கலந்த கோடுகள். வாசனையோ, தெருக்கோடி வரையில் தன் வருகையை அறிவிக்கும்படியாக இருந்தது. அதற்குள் பேரன் ஓடி வந்துவிட்டான். லெஸ்டர் நகரத்தில் இரண்டு வருஷம் படித்துத் திரும்பியவன் அவன். "அப்பத்தா, எறிஞ்சிடாதே! அது ஸ்டில்டன். பூசணம் இருந்தால்தான் அதுக்கு விலையே" என்று கூவினான். சென்னையில் சீமைச் சரக்கு விற்கும் கடையொன்றில் வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தானாம்.

அன்று திண்ணையில் நடந்த விவாதத்தை நேயர்களுக்குச் சொல்லத்தான் இந்த வாரத்துப் பக்கம்.

ஸ்டில்டன் என்பது இங்கிலாந்தில், லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பழைய ராஜபாட்டையின் மேல் உள்ள ஒரு கிராமம். அக்காலத்தில் குதிரை வண்டிகள் தங்கிச் சென்ற அவ்வூர்ச் சத்திரத்தில் இந்தக் கட்டியை விற்றபடியால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ராபின்ஸன் குரூஸோ கதையை எழுதிய டேனியல் டீபோ, 1724-ல் வெளிவரத் தொடங்கிய தம் யாத்திரை நூலில் இதைப் பற்றிப் பிரஸ்தாபித்திருக்கிறார். கட்டியைச் சுற்றி மொய்த்திருக்கும் பூச்சிகளையும் சேர்த்துத் தின்பதற்காகக் கரண்டி ஒன்று கூடவே வைப்பார்களாம்! நல்ல வேளையாக, இப்போது அந்தக் கரண்டிக்கு வேலை இல்லை. 1996-ல் ஏற்பட்ட சட்டப் பாதுகாப்பின்படி டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் என்ற மூன்று ஜில்லாக்களில், கிருமி நீக்கிய பாலில் செய்தால்தான் அதற்கு ஸ்டில்டன் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், ஸ்டில்டன் கிராமம் அந்த மூன்று ஜில்லாக்களிலும் இல்லை. பெயர் கொடுத்த ஊரில் அந்தப் பெயருடன் கட்டி செய்ய உரிமை கிடையாது.

செய்யும் விதத்தையும் பேரன் விளக்கினான். 8 கிலோ எடையுள்ள ஒரு கட்டிக்கு 70 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். பாலில் உறையோடு, பெனிஸிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூசணத்தின் வித்தையும் கலக்கிறார்கள். தயிரை வெட்டி, நீரை வடித்து, உப்பிட்டு, உருளை அச்சுகளில் நிரப்புகிறார்கள். மேலே பாரம் வைத்து அழுத்துவதில்லை. தன் கனத்தாலேயே அது இறுக வேண்டும். ஆறு வாரம் சென்றதும் நீண்ட எஃகு ஊசிகளால் கட்டியைக் குத்துகிறார்கள். அந்தத் துளைகள் வழியே காற்றுப் புகுந்த பிறகுதான் உள்ளே உறங்கும் பூசணம் விழித்து, நீலக் கோடுகளாகப் படர்கிறது. ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் பண்டம் தயார்.

"கோணி ஊசியாலே குத்திப் பூசணத்தை வளர்க்கிறானா!" என்று அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

வளர்க்கத்தான் செய்கிறார்கள். 1928-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் பெனிஸிலின் மருந்தைக் கண்டதும் இந்தக் குலத்தைச் சேர்ந்த வேறொரு பூசணத்திலேதான். இன்னாரென்று தெரிந்து, பெயரிட்டு, அளந்து, சுத்தமான பாலில் இட்டு, குளிர்ந்த அறையில் காவல் வைத்து வளர்க்கும் பூசணம் அது. நாம் இட்லி மாவைப் புளிக்க வைக்கிறோமே, அதைப் போன்ற சங்கதி.

இனி, சாப்பிடும் விஷயம். இதைக் கத்தியால் மெல்லிசாகச் சீவுவதைவிட, உதிர்த்துச் சாப்பிடுவது நல்லது. சீமையிலே பேரிக்காய், வாதுமை வகைகள், போர்ட் என்னும் இனிப்பு மது இவற்றோடு உண்கிறார்கள். உப்பும் காரமும் உள்ள பண்டத்துக்கு இனிப்புத் துணை வேண்டும் என்பது அதன் தத்துவம். நமக்கு மது எதற்கு? பனங்கருப்பட்டி இருக்கிறதே! சூடான கம்பு ரொட்டியின் மேல் சுண்டைக்காய் அளவு கட்டியை உதிர்த்து, ஒரு சில்லுக் கருப்பட்டியோடு அத்தைக்குக் கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். வெகு நேரம் மென்றாள். பிறகு, "கருவாட்டுக்கும் வெண்ணெய்க்கும் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி இருக்கு" என்று தீர்ப்புக் கூறினாள். அந்தத் தீர்ப்பு கண்டனமல்ல என்பது, அவள் கை மறுபடியும் நீண்டதிலிருந்து தெரிந்தது.

சமைக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். சோள தோசை வெந்து வரும் சமயத்தில், பொடி தூவுவது போல் உதிர்த்துத் தூவி, மடித்து உடனே எடுத்துவிடலாம். அல்லது வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, காலிபிளவரைச் சேர்த்து வேகவிட்டு மசித்து, பால் விட்டுச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, நாலு பேருக்கு 50 கிராம் கட்டி போட்டுக் கரைத்தால் அருமையான ஸூப். கட்டியைப் போட்டபின் கொதிக்க விடலாகாது. திரிந்து எண்ணெய் கக்கும். உப்பை ருசி பார்த்த பிறகே போட வேண்டும். எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். சாப்பிடுவதற்கு ஒரு மணி முன்பே வெளியே எடுப்பது சீமை வழக்கம். எங்கள் ஊர் வெயிலுக்குக் கால் மணி போதும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளைச் சில இடங்களில் சேர்ப்பதால், சைவர்கள் உறையின் மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது உசிதம். கர்ப்பிணிகளுக்கு மென்மையான நீலக் கட்டிகள் ஆகா.

தேசியப் பத்திரிகையில் அந்நியப் பண்டத்துக்கு இவ்வளவு உபசாரமா என்று சிலர் கேட்கலாம். ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில ஆசிரியர் 1903-ல் மோதிஹாரியில் பிறந்தவர். காந்தியடிகள் 1917-ல் சத்தியாக்கிரகம் நடத்திய சம்பாரண் ஜில்லாவில் உள்ள ஊர் அது. உலகமெல்லாம் இங்கிலீஷ் சமையலைப் பரிகசித்த காலத்தில், 1945-ல், அவர் தம் நாட்டு உணவுக்காக வாதாடிய கட்டுரையில் ஸ்டில்டனை அவ்வகையில் உலகிலேயே சிறந்ததென்று கொண்டாடினார். தன் மண்ணின் பண்டத்தில் ஒருவனுக்கு இருக்கும் பெருமையை நாம் ரசிக்கலாம். அதனால் நம் பெருமை குறையாது. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா பால் பண்டங்களுக்குச் சுங்கச் சலுகை கொடுக்கவில்லை. நம் பால்காரர்களைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. நல்லதைத் தெரிந்துகொள்வது நம் கடமை. குன்னூரிலும் கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் நம்மவர்களே பாலாடைக்கட்டி செய்கிறார்கள். நீலக் கலையும் நமக்குக் கைவரும்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அன்று மாலை நடந்ததையும் சொல்ல வேண்டும்.

தாழ்வாரத்தில் ஒரு மூட்டை நிலக்கடலை இருந்தது. பறித்த சமயம் மழை பிடித்துக்கொண்டதால் சரியாகக் காயவில்லை. அத்தை அதைப் பிரித்துக் கொட்டினாள். பல பருப்புகளில் மஞ்சளும் பச்சையுமாகத் தூள் படிந்திருந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. "நல்லதைப் பொறுக்கிச் சட்னிக்கு வச்சுக்கலாம். மத்ததை எருமைக்குப் போட்டாப் போச்சு" என்றாள்.

பேரன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் சொன்னதை நானும் சொல்கிறேன். கடலையிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் அந்த மஞ்சள் பச்சைப் பூசணத்தின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ். அஃப்ளாடாக்ஸின் என்ற விஷத்தை அது உண்டாக்குகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. அது ஈரலைக் கெடுக்கும். நாளடைவில் ஈரல் புற்றுநோய்க்கும் வழி வைக்கும். அதே இங்கிலாந்தில் 1960-ல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். 1974-ல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மாடு தின்றால் விஷம் பாலில் இறங்குகிறது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு 5.7 வீதம் அளவுக்கு மிஞ்சிய விஷம் இருந்தது. தமிழ்நாட்டிலோ 551-க்கு 88. எண்ணிக்கையில் எல்லா மாகாணங்களிலும் அதிகம் நம்முடையதுதான்.

பூசணம் கண்ட பருப்பை, சுருங்கியதை, நிறம் மாறியதை மனிதருக்கோ மாட்டுக்கோ கோழிக்கோ போடலாகாது, புதைத்துவிட வேண்டும். பறித்த கடலையைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும் வரை காயவைக்க வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் அடுக்க வேண்டும்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. கொள்ளுப்பேரன் அப்போதுதான் எருமைப் பால் டம்ளரைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னாள். ஒரு மூட்டைக் கடலையைப் புதைப்பது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் குழி மூடும் வரையில் அங்கேயே நின்றாள்.

திரும்பி வருகையில், "வெள்ளைக்காரன் பூசணத்தைப் பேர் தெரிஞ்சு வளர்த்துத் தின்கிறான், நாம பேர் தெரியாம வளர்த்து, எருமைக்கும் கொடுத்து, பிள்ளைக்கும் கொடுத்தோம்" என்றாள். பின்பு, "அந்தச் சீமைக் கட்டி இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.