கெய்ரோ சந்துகளில் விளைந்த கதைகள்

 

நம் வீடுகளில் ஒரு நாவலை நால்வர் படித்தால், அவர்களில் ஒருவரேனும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கதையில் கொடிய தகப்பன் ஒருவன் வந்துவிட்டால், "இதை எழுதியவருடைய வாப்பாவும் இப்படித்தான் இருந்திருப்பாரோ?" என்பர். கதையில் ஒரு பெண் துன்புற்றால், "இது அவருடைய உம்மாவின் கதையாகத்தான் இருக்கும்" என்று முடிவே கட்டிவிடுவர். வாழ்வு எழுத்துக்குள் வருவது மெய்தான். ஆனால் அது எந்த வழியாக வருகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. அரபு மொழியில் எழுதி முதன்முதலாக நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூழின் வாழ்வை முன்வைத்து இதனைச் சற்றே ஆராய்வோம்.

1911 டிசம்பரில், பழைய கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில் அவர் பிறந்தார். பிரசவம் மிகக் கடினமானதாக இருந்தது. தாயையும் சேயையும் காப்பாற்றிய மருத்துவர் நஜீப் மஹ்ஃபூழ் என்ற கிறிஸ்தவர். நன்றி மறவாத தகப்பனார் அம்மருத்துவரின் முழுப் பெயரையும் தம் மகனுக்குச் சூட்டினார். ஆக, இரு சொற்களும் சேர்ந்தே அவருடைய சொந்தப் பெயர். இரண்டாவது சொல் தகப்பனாரின் பெயரன்று.

வீட்டில் அவர் கடைக்குட்டி. உடன்பிறந்தோர் அனைவரும் வயதில் மிகப் பெரியவர்கள். ஆகவே பெரிய குடும்பத்தில் பிறந்தும் ஒற்றைப் பிள்ளையைப் போலவே வளர்ந்தார். அண்ணன் தம்பியர் ஒரே அறையில் படுத்து, சண்டையிட்டு, இரகசியம் பேசிச் சிரிக்கும் இன்பம் அவருக்குக் கிட்டவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய புகழ்பெற்ற முப்பெரும் நாவல்களைப் படித்தால் வியப்பு மேலிடும். உடன்பிறந்தோரின் பாசத்தையும் பூசலையும் அத்துணை நுணுக்கமாக அவற்றில் அவர் தீட்டியிருக்கிறார். தமக்கு வாய்க்காததையே, வாய்த்தவர்களைவிட உன்னிப்பாக அவர் கவனித்திருக்க வேண்டும்.

அன்னையார் எழுத்தறியாதவர், ஆனால் உலகறியும் ஆவல் மிக்கவர். சிறுவனின் கையைப் பற்றிக்கொண்டு இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய பள்ளிவாசலுக்கும், பிரமிடுகளுக்கும், எகிப்திய அருங்காட்சியகத்துக்கும் செல்வார். பதப்படுத்தப்பட்ட மன்னர்களின் உடல்களின் முன்னே மகனை நிறுத்திக் காட்டுவார். பிற்காலத்தில் மஹ்ஃபூழ் முதன்முதலாக எழுதிய மூன்று நாவல்களும் (1939, 1943, 1944) பிர்அவ்ன் காலத்துக் கதைகளாக அமைந்தது தற்செயலா என்ன? அவற்றுள் மூன்றாவது, அந்நியரை எகிப்து விரட்டியடித்த பழங்கதை. அப்போது நாட்டில் பாளையமிறங்கியிருந்த ஆங்கிலேயரை எண்ணியே வாசகர்கள் அதைப் படித்தனர்.

இனி அந்த முப்பெரும் நாவல்களில் வரும் தாயைப் பாருங்கள். பெயர் ஆமினா. கால் நூற்றாண்டாக வாசற்படி தாண்டாதவள். மரச் சல்லடை பொருத்திய சாளரத்தின் வழியேதான் அவளுக்கு வீதி தெரியும். கணவர் வெளியூர் சென்ற ஒரு நாளில், பிள்ளைகள் தூண்ட, ஹுஸைன் பள்ளிவாசலுக்குச் சென்றுவர அஞ்சி அஞ்சிப் புறப்படுகிறாள். திரும்பும் வழியில் கார் மோதி எலும்பு முறிகிறது. செய்தியறிந்த கணவர், அவள் உடல் தேறும்வரை பொறுத்திருந்து, பின்னர் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்!

மகனின் கைபிடித்து நகரெங்கும் சுற்றிய அன்னையும், ஒரே ஒருமுறை வெளியே சென்றதற்காக வீட்டைவிட்டு விலக்கப்பட்ட ஆமினாவும் எங்கே ஒத்துப்போகிறார்கள்? ஆமினாவை "நஜீபின் தாயார்" என்று எழுதிவிடும் விமர்சனத்தில் எனக்கு உடன்பாடில்லை. சல்லடைக்குப் பின்னால் நின்ற பெண்கள் அந்த வீதியில் பலர் இருந்தனர். தம் அன்னையாருடன் வெளியே சென்ற சிறுவன், அந்தச் சாளரங்களை அண்ணாந்து பார்த்திருக்க மாட்டானா? பள்ளிவாசலுக்குச் செல்லும் வழி மட்டும் அவருடைய சொந்த வழி. அதில் நடப்பவள் வேறொருத்தி.

1919ஆம் ஆண்டு எகிப்தியர் ஆங்கில ஆட்சிக்கு எதிராகத் திரண்டெழுந்தபோது அவருக்கு வயது ஏழு. தம் வீட்டுச் சாளரத்தின் வழியே, ஊர்வலம் சென்றோரை நோக்கி ஆங்கிலச் சிப்பாய்கள் சுடுவதைக் கண்டார். பிள்ளைப் பருவத்தின் நிம்மதியைக் குலைத்த நிகழ்ச்சி அதுவே என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். நாவலில் ஆமினாவின் மகன் ஃபஹ்மி ஊர்வலத்தில் குண்டடிபட்டு மாள்கிறான். அவனுடைய சின்னத் தம்பி கமாலோ, வீட்டு வாசலில் பாளையமிறங்கிய சிப்பாய்களோடு நட்புக் கொள்கிறான். ஒரே வீட்டில் ஒரு மகனுக்கு எமனாகவும் மறுமகனுக்குத் தோழனாகவும் பகைவன் வருவதை, அக்காட்சியைக் குழந்தைக் கண்களால் கண்ட ஒருவரன்றி வேறு யார் எழுதியிருக்க முடியும்?

எழுத்தால் மட்டும் அவர் வயிறு வளர்த்ததில்லை. பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர், 1971இல் ஓய்வு பெறும்வரை அரசு ஊழியராகவே இருந்தார். வக்ஃபு அமைச்சகத்தில் பணியாற்றிய காலத்தில், ஏழைகளுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கும் "கர்ழுல் ஹஸன்" திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. பழைய கெய்ரோவின் ஏழைப் பெண்கள் அவருடைய மேசைக்கு முன்னே வந்து நின்று தம் வீட்டு நிலையை எடுத்துரைப்பர். கடன் கேட்டு வருபவர் எதை முதலில் சொல்வார், எதை மறைப்பார் என்பதை அறிய அதைவிடச் சிறந்த கல்லூரி வேண்டுமா? அலுவலக வேலை எழுத்தைக் கொன்றுவிடும் என்று புலம்பும் நம் இளைஞர்கள் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

1947இல் வெளியான "ஸுகாக் அல்-மிதக்" நாவலில் இரண்டாம் உலகப் போர் ஒரு முட்டுச் சந்துக்குள் நுழைந்து செய்யும் அழிவைக் காண்கிறோம். போர்முனையோ தொலைவில் இருக்கிறது. ஆங்கிலேயரின் பாளையத்தில் கிடைக்கும் கூலிதான் சந்துக்குள் வருகிறது. ஹமீதாவை மணமுடிக்கப் பணம் சேர்க்கவென்று நாவிதன் அப்பாஸ் அங்கே வேலைக்குச் செல்கிறான். அவன் திரும்புவதற்குள் அவள் தவறான கைகளில் சிக்கிவிடுகிறாள். இறுதியில் அவனும் சிப்பாய்களின் கையாலேயே மாள்கிறான்.

முப்பெரும் நாவல்களை 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குச் சற்று முன்னர் எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதி மிகப் பெரிதாக இருந்தமையால் மூன்றாகப் பிரிக்கப்பட்டு 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. மூன்று நூல்களின் பெயர்களும் பழைய கெய்ரோவின் வீதிப் பெயர்களே. ஆனால் மன்னராட்சி வீழ்ந்ததும் அவருடைய பேனா நின்றுவிட்டது! தாம் குறை கூறி எழுதிவந்த சமுதாயமே மறைந்த பின் எதை எழுதுவது என்ற மலைப்பு. சில ஆண்டுகள் திரைக்கதைகள் எழுதியே காலம் கழித்தார். காலம் எழுத்தாளனை எழுத வைப்பது மட்டுமன்று, வாயடைக்கவும் வல்லது.

மௌனம் கலைந்து 1959இல் அல்-அஹ்ராம் நாளிதழில் அவர் எழுதிய தொடர்கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. நபிமார்களின் வரலாற்றை உருவகமாக்கிய முறை பிழை என்று அல்-அஸ்ஹர் அறிஞர்கள் ஆட்சேபித்தனர். எகிப்தில் அது நூலாக வெளிவர 2006 வரை ஆயிற்று. எழுத்தை எழுத்தால் மறுப்பது அறிஞர் மரபு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் 1994 அக்டோபரில் நடந்தது வேறு. தம் வீட்டு வாசலில் காரில் அமர்ந்திருந்த 82 வயது முதியவரின் கழுத்தில் ஓர் இளைஞன் கத்தியைப் பாய்ச்சினான். அந்நூலைத் தான் படித்ததே இல்லை என்று பின்னர் அவனே ஒப்புக்கொண்டான். இதற்கு மார்க்கத்தின் பெயரைச் சொல்வது எத்துணை பெரிய அநியாயம்!

உயிர் பிழைத்தார்; ஆனால் எழுதும் கை முடங்கிற்று. பள்ளிப் பிள்ளையைப் போல் மீண்டும் எழுத்துகளைக் கூட்டிப் பழகினார். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதிய அதே கை, இப்போது சில வரிகளையே தாங்கிற்று. ஆகவே தம் கனவுகளைச் சின்னஞ்சிறு கதைகளாக்கினார். அவருடைய கடைசிக் காலத்து எழுத்துகளின் சுருக்கத்தை உத்தி என்று புகழ்வோர், அக்கையின் நடுக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2006 ஆகஸ்டு 30ஆம் நாள் அவர் மறைந்தார். அரசு மரியாதையுடன் பெரும் ஊர்வலம் நடந்தது. அதற்கு முன்னர், அவருடைய விருப்பப்படியே ஜனாஸாவை ஹுஸைன் பள்ளிவாசலுக்கு, அன்னையாரின் கைபிடித்து நடந்த அந்தப் பழைய வீதிகளுக்குக் கொண்டுசென்று தொழுகை நடத்தினார்கள்.