லவுடா கோழையில்லை

2019 மேயில் நிக்கி லவுடா செத்தபோது எல்லாரும் ஒரே கதையைத்தான் எழுதிச்சினம்: 1976 ஓகஸ்டில் நூர்பேர்க்றிங்கில் காரோடை எரிஞ்சவர், ஆறு கிழமையில் மொன்சாவில் ஓடி நாலாவதாய் வந்தார். வீரம்தான், மறுக்கேல்லை.

ஆனால் அதே ஒக்ரோபரில் யப்பானின் ஃபுஜியில், கொட்டுற மழைக்குள் இரண்டு சுற்றோடை காரை நிப்பாட்டினாரே? இயந்திரக் கோளாறெண்டு சொல்லுவம் எண்டு ஃபெராரிக்காரர் கேட்டும் பொய்சொல்ல மறுத்தார். ஒரேயொரு புள்ளியாலை பட்டம் ஜேம்ஸ் ஹன்டிட்டைப் போச்சு. கோழை எண்டிச்சினம். அடுத்த வருசமே பட்டத்தைத் திருப்பி எடுத்தார்.

எனக்கு ஃபுஜி லவுடாதான் பெரியவர். செத்தவனுக்குத்தான் மாலை, திரும்பி வந்தவனுக்கு ஏச்சு எண்டு வளர்ந்த சனம் நாங்கள். அப்பிடிச் சொல்லிச் சொல்லியே எத்தினை பிள்ளையளை இழந்தம்?