நாலாவது சுவர்

போன வாரம் என் மருமகள் பேரனுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இரண்டு வயசு. எதிரே செல்போனில் பொம்மைப் படம். வாய் தானாகத் திறக்கிறது, மூடுகிறது. உள்ளே போவது பருப்பு சாதமா, தயிர் சாதமா என்று அவனுக்கே தெரியாது! "ஏம்மா, இப்படிப் பழக்கறே?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டி.வி.யில் விளம்பரம் முடிந்து என் சீரியல் வந்துவிட்டது. திரும்பிக்கொண்டேன்.

உடனே மில்ட்ரெட் ஞாபகம் வந்தாள். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953-ல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் வரும் இல்லத்தரசி அவள். எதிர்காலம் இப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் பிறந்த கதை. அங்கே தீயணைப்புப் படைக்கு வேலையே புத்தகங்களைக் கொளுத்துவதுதான். மில்ட்ரெடின் கணவன் மான்டாக்குக்கும் அதே வேலை.

அவள் வீட்டுக் கூடத்தில் மூன்று சுவர்கள் முழுக்க டெலிவிஷன். நாலாவது சுவருக்கும் வேண்டுமென்று கணவனை நச்சரிக்கிறாள். அதில் பேசுகிறவர்கள்தாம் அவளுக்குக் 'குடும்பம்'. படுத்தால் காதுக்குள் சிப்பி போலக் குட்டி ரேடியோ. ஒருநாள் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி, உயிர் பிழைக்கிறாள். மறுநாள் அதுவே நினைவில்லை. "நாம முதல்லே எங்கே சந்திச்சோம்?" என்று யோசித்தால், இருவருக்குமே ஞாபகம் வரவில்லை!

1949-ல் வந்த ஆர்வெலின் '1984' நாவலில் அரசாங்கம் திரை வழியே ஜனங்களை வேவு பார்த்து மிரட்டும். பிராட்பரி கதையிலோ, முதலில் ஜனங்களே படிப்பதை விட்டார்கள். தீ வைத்தது அதற்குப் பிறகுதான். எனக்குப் பயம் தருவது இதுதான், சகோதரிகளே!

நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. தூரதேசத்தில் இருக்கும் மகளின் முகத்தை இதே திரையில்தானே பார்த்துப் பேசுகிறோம்? ஆனால் குழந்தைகள் விஷயம் வேறு. இரண்டு வயசு ஆகும்வரை குழந்தையைத் திரைமுன் உட்கார்த்த வேண்டாம், அதன்பின் நாலு வயசுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. உட்காரும் நேரத்தில் பெரியவர்கள் கதை சொல்லலாம், படித்துக் காட்டலாம் என்றும் சொல்கிறது.

பிராட்பரியின் கதை முடிவில், ஊரை விட்டு ஓடியவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடமாகக் காப்பாற்றுகிறார்கள். நம் பாட்டிமார்கள் செய்ததும் அதுதானே!

மறுநாள் ராத்திரி முதலில் என் சீரியலை நிறுத்தினேன். பேரனை மடியில் வைத்துக்கொண்டு வடை சுட்ட பாட்டி கதையை ஆரம்பித்தேன். போனைக் கேட்டு அழுதான். காக்கா வடையைக் கவ்வியதும் அழுகை நின்று வாய் திறந்தது. பாதிக் கிண்ணம்தான் இறங்கிற்று; ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டான்.

மருமகள் சிரித்துக்கொண்டே, "நாளைக்கும் சீரியலை நிறுத்துவீங்களா, அத்தை?" என்றாள்.

நியாயமான கேள்வி. நிறுத்தத்தான் வேண்டும்!